சிவப்புப் பெயர்

போட்டி தொடங்கி இருபது நிமிடமாகியும் ஃபோமா லூகிச் ஒரு விடைகூட அனுப்பவில்லை. அனுப்புகிற உத்தேசமும் இல்லை.

சரத்தோவ் நகரக் கல்லூரி ஒன்றின் புரோகிராமிங் போட்டி அணிக்கு அவர் பயிற்சியாளர். போட்டித் தளத்தில் அவர் பெயர் சிவப்பில் ஒளிரும். பெருந்தலைகளின் நிறம் அது. எட்டு வருடமாகப் போட்டிப் பக்கமே தலைகாட்டாததால் எட்டு வருடமாகச் சிவப்பு. புது டீன் அதில் மண்ணைப் போட்டார்: வருடம் முடிவதற்குள் ஒரு போட்டியாவது ஆட வேண்டும், சிவப்பும் நிலைக்க வேண்டும், இல்லாவிட்டால் பதவி போச்சு. இதுதான் வருடத்தின் கடைசிப் போட்டி. மூன்று புள்ளி இறங்கினால் ஒரு படி கீழே, ஆரஞ்சு.

பெயரைப் பதிந்துவிட்டு எதையும் அனுப்பாமல் இருந்தால் புள்ளி அசையாது; பட்டியலில் பெயரைக் காட்டி டீனையும் சமாளித்துவிடலாம். அதுதான் திட்டம்.

"இன்னும் ஒண்ணுமே அனுப்பலையா, ஃபோமா லூகிச்?" பக்கத்துக் கணினியிலிருந்து எட்டிப் பார்த்தாள் மாணவி ஸ்லாத்தா. போன வருடம் சேர்ந்தவள். அதற்குள் ஐந்து கணக்கு முடித்திருந்தாள்.

"யோசிக்கிறேன்."

"முதல் கணக்குக்கா? அதை என் தம்பியே போட்டுடுவானே!"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அனுப்பினார். தவறு.

"பரவால்ல, பழக்கம் விட்டுப் போயிருக்கும்."

அந்த ஆறுதல்தான் சுட்டது. மறுபடி அனுப்பினார். தவறு. ஒன்று அனுப்பினாலே ஆட்டத்தில் இறங்கியதாகக் கணக்கு. இனிப் பின்வாங்க வழியில்லை. பட்டியலில் நாலாயிரத்துச் சொச்சத்தில் கிடந்தார். கடினமான ஐந்தாம் கணக்கைப் போட்டால்தான் சிவப்பு பிழைக்கும். அதோடு முட்டி மோதியதில் நேரமெல்லாம் ஓடி, பதினைந்து நிமிடமே பாக்கி.

"ஸ்லாத்தா, போய் ஒரு டீ வாங்கிட்டு வாம்மா. நீ மூச்சு விடுற சத்தத்துல மூளையே ஓட மாட்டேங்குது."

அவள் போனாள். அவளுடைய திரை திறந்தே இருந்தது. வியர்க்க வியர்க்கப் பார்த்து அடித்து, நிரலுக்குள் அவள் வைத்திருந்த பெயர்களில் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றி, கடைசி நிமிடத்தில் அனுப்பினார். சரி!

டீயோடு வந்தவள் அவர் திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"பதினேழாவது வரியில 'முர்க்கா'ன்னு இருக்கே. அது எங்க வீட்டுப் பூனையாச்சே?"

ஃபோமா லூகிச்சின் கம்பீரமெல்லாம் வடிந்துபோனது. "என் சிவப்பு போயிடும்னு பயந்துட்டேன்மா..."

ஸ்லாத்தா டீயை அவர் முன்னால் வைத்தாள்.

"இன்னிக்கு நடந்தது கத்துக்குட்டிங்க பிரிவுப் போட்டி, ஃபோமா லூகிச், சிவப்புக்காரங்க எத்தனை தப்பு அனுப்பினாலும் ஒரு புள்ளிகூடக் குறையாது, காப்பியடிச்சாத்தான் பேரையே எடுத்துடுவாங்க."