மூன்று ஹாலுக்கு ஒரே இடைவேளை

வேலைக்குப் போவதென்றால் யாரிடம் வேண்டுமானாலும் போங்கள், சொந்த அண்ணனிடம் மட்டும் போகாதீர்கள். மற்ற முதலாளி திட்டினால் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழலாம். அண்ணன் திட்டினால், நாம் வீடு போய்ச் சேருவதற்குள் அவர் முந்திக்கொண்டு போய் அம்மா தலையில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்திருப்பார். மல்லிகாவுக்குக் கோபம் அதிகம் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே என் அண்ணன்தான். நடந்ததைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் அதிகமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அண்ணன் போர்ட் பிளேரில் கட்டட கான்ட்ராக்டர். லம்பா லைனில் அவருக்கு ஒரு சிமெண்ட் குடோன் இருந்தது. ஒருமுறை மெயின்லேண்டுக்குப் போய்வந்தவர், திரும்பி விமானத்திலிருந்து இறங்கும்போதே சினிமா முதலாளியாக இறங்கினார்.

"மல்லி, காலம் மாறிப்போச்சும்மா. இப்பல்லாம் தியேட்டருக்கு ஆளே வேண்டாம். ரெண்டே பேர் போதும். பாக்கியெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கும்" என்றார்.

அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான் என்பது எனக்கு அப்போது தெரியாது. தங்கை என்றால் நியமன உத்தரவு வேண்டாம், சம்பளம் வேண்டாம், விடுமுறை வேண்டாம், ஓவர்டைம் வேண்டாம். கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பாள். நானும் பெரிய மேனேஜர் ஆகிவிட்ட நினைப்பில் புதுக் கைப்பை எல்லாம் வாங்கிக்கொண்டு போய் நின்றேன்.

குடோனை பிளைவுட் அடித்து மூன்றாகத் தடுத்து, வாசலில் மல்டிபிளெக்ஸ் என்று போர்டு மாட்டினார். ஒரு ஹாலில் தமிழ், ஒன்றில் தெலுங்கு, ஒன்றில் இந்தி. நடுவில் இருந்த தடுப்பு பேருக்குத்தான். தெலுங்கு ஹாலில் வில்லன் அடி வாங்கினால் தமிழ்க் கதாநாயகி வீட்டில் யாரோ கதவைத் தட்டுவதுபோலக் கேட்கும். (ஒரு பெரியவர், "போய்க் கதவைத் திறம்மா, ரொம்ப நேரமா தட்டுறாங்க" என்று திரையைப் பார்த்து அதட்டியிருக்கிறார்.)

டிக்கெட் கிழிப்பது நான். பாப்கார்ன் வறுப்பது நான். சமோசா விற்பது, அந்தக் கையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பில் மூன்று படத்தையும் ஓட்டுவது, ஆட்டம் முடிந்ததும் அதே சமோசாவின் மிச்சத்தைக் கூட்டிப் பெருக்குவது எல்லாம் நான். இரண்டாவது ஊழியர் பிஸ்வாஸ் தாதா. (பெங்காலியில் தாதா என்றால் அண்ணன். நீங்கள் நினைக்கிற தாதா இல்லை. இவர் கொசுவைக்கூட அடிக்க மாட்டார்.) கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். ஜெனரேட்டரும் ஏசியும் அவர் பொறுப்பு. ஜெனரேட்டர் சத்தத்தில்தான் அவருக்குத் தூக்கம் வரும் என்பதால் பெரும்பாலும் அந்த அறையிலேயே இருப்பார்.

அண்ணன் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். மூன்று ஹாலுக்கும் ஒரே நேரத்தில் இடைவேளை விடக்கூடாது. ஒரு ஹால் வெளியே வந்து, தின்று, உள்ளே போன பிறகுதான் அடுத்த ஹால் வெளியே வர வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, "கவுண்டர்ல நீ ஒருத்திதான இருக்க, கூட்டம் தாங்காதுல்ல" என்றார். என்னே பாசம் என்று நானும் நம்பினேன். முட்டாள்.

இப்போது என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கேம்ப்பெல் பேவுக்கு மாற்றல் ஆகிவிட்டது. இந்தத் தீவுக்கூட்டத்தின் தெற்குக் கோடி அது. லீவு கிடைத்து, கப்பல் கிடைத்து, கடலும் மனது வைத்தால்தான் வீடு வந்து சேர முடியும். போன தடவை அவர் வந்தபோது புதுப்படம் ரிலீஸ் என்று அண்ணன் என்னை விடவில்லை. அவர் ஜெட்டியில் (கப்பல் துறைக்கு இங்கே அதுதான் பெயர்) தனியாக இறங்கி, தனியாக வீட்டுக்குப் போய், தானே சமைத்துச் சாப்பிட்டார். லீவு முழுக்க நான் வீடு திரும்பும்போது அவர் பாதித் தூக்கத்தில் இருப்பார். இந்த முறை அண்ணனிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். ஜெட்டிக்கு நான் போவேன், அவர் லீவு முடியும்வரை தியேட்டர் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

அண்ணன் உடனே ஒப்புக்கொண்டார். (அதிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.)

"தாராளமா இரு. ஆனா மாப்பிள்ளை வர்ற அன்னைக்குத்தான் கோயம்புத்தூர்லேர்ந்து ஒரு சார் வர்றார். நம்ம தியேட்டரைப் பார்த்துட்டு, பிடிச்சிருந்தா ஹேவ்லாக் தீவுல இதே மாதிரி ஒண்ணு போட என்கூட சேருறேன்னு சொல்லியிருக்கார். ஆட்டம் முடிஞ்சப்புறம்தான கப்பல் வருது, அந்த ஒரு ஆட்டத்தை நல்லபடியா முடிச்சுக் குடு. அப்புறம் மாப்பிள்ளை இருக்கிற வரைக்கும் உனக்கு லீவு. நான் வாக்கு குடுக்கிறேன்."

அன்றைக்கு மூன்று ஹாலும் நிறைந்துவிட்டன. எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஒரு ஃபெரி முழுக்க ஜனம் வந்து இறங்கியதுபோல இருந்தது. கோயம்புத்தூர் சார் வெள்ளைச் சட்டையில், பூனைபோல் அடிவைத்து வந்தார். அண்ணன் அவரைத் தமிழ் ஹாலில் நடுவரிசையில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. கப்பல் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துகொண்டிருக்கிறதாம். கரை தெரிகிறது, சிக்னல் வந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிற சத்தம் கேட்டது. இந்தத் தீவில் பிறந்து வளர்ந்த நான், சொன்ன நேரத்துக்கு முன்னால் கப்பல் வந்து அதுவரை பார்த்ததில்லை. எனக்கு வந்த கப்பல்தான் அப்படி வர வேண்டுமா?

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. மூன்று இடைவேளையையும் ஒன்றன்பின் ஒன்றாக விட்டால் பொழுது போய்விடும். மூன்றையும் ஒரே நேரத்தில் விட்டு, ஒரே மூச்சில் சமோசாவை விற்றுத் தீர்த்தால், படம் முடியும்வரை எனக்கு வேலை இல்லை. ஆட்டோ பிடித்து ஹேடோ ஜெட்டிக்குப் போய் அவரை அழைத்துக்கொண்டும் வந்துவிடலாம். என்ன புத்திசாலித்தனம்! அண்ணனுக்கு இது தோன்றவில்லையே என்று சிரித்துக்கொண்டே லேப்டாப்பில் மூன்று படத்தையும் ஒன்றாக நிறுத்தினேன். இந்திப் படத்தில் கதாநாயகன் வாயைத் திறந்தபடி நின்றான். அவன் என்ன சொல்ல வந்தான் என்பது அந்த ஹாலில் இருந்த பலருக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று கதவும் திறந்தன.

தமிழ் ஹாலிலிருந்து வந்தவர்கள் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண் குழந்தையைத் துண்டால் சுற்றியிருந்தாள். தெலுங்கு ஹாலிலிருந்தும் இந்தி ஹாலிலிருந்தும் வந்தவர்கள் மழையில் நனைந்ததுபோல வந்தார்கள். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும். இரண்டு கூட்டமும் என் சமோசா கவுண்டர் முன்னால் ஒன்றையொன்று பார்த்தன. இது சின்ன ஊர். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தினமும் ஒரே ஃபெரியில் போகிறவர்கள்.

"அரே, உங்க ஹால்ல ஏசி ஓடுதா?" என்றார் வியர்வையில் நின்ற ஒருவர்.

"ஓடுதாவா? காது அடைக்குதுங்க" என்றாள் துண்டுக்காரி.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று ஏசியையும் ஒன்றாகப் போட்டால் அண்ணன் வாங்கியிருந்த மலிவு ஜெனரேட்டர் தாங்காது. அதனால் பிஸ்வாஸ் தாதா ஏசியை ஹால் ஹாலாக மாற்றி மாற்றி ஓட்டுவார். அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு ஹால்காரர் இன்னொரு ஹால்காரரைச் சந்தித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அண்ணன் இடைவேளையைப் பிரித்து வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. என் மேல் பாசமாம்! அன்றைக்கோ விருந்தாளிக்காக ஏசியைத் தமிழ் ஹாலை விட்டு நகர்த்தவே கூடாது என்று உத்தரவு வேறு. இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பார்?

பிஸ்வாஸ் தாதா ஓடிவந்தார். "திதி, கியா கர் தியா! சப் ஏக் சாத் பாஹர்!" என்று தலையில் கைவைத்தார். (திதி என்றால் அக்கா. எல்லோரையும் ஒன்றாக வெளியே விட்டுவிட்டேனாம்.) அதற்குள் கூட்டம் சப் ஏக் சாத் அந்தர், எல்லாமே ஒன்றாக உள்ளே, போக ஆரம்பித்துவிட்டது. தெலுங்கு ஹாலும் இந்தி ஹாலும் மொத்தமாகத் தமிழ் ஹாலுக்குள் நுழைந்தன.

எங்கள் ஜனம் கப்பல் ஏறிப் பழகிய ஜனம். டெக்கில் யார் முதலில் விரிப்பைப் போடுகிறார்களோ இடம் அவர்களுடையது. உள்ளே போய்ப் பார்த்தால் நடைபாதையில் துண்டு, சேலை, பேப்பர் எல்லாம் விரித்தாகிவிட்டது. பாத்ரூம் போய்விட்டு வந்த கோயம்புத்தூர் சாரின் நாற்காலியில் பாம்பூஃப்ளாட் தெலுங்கு அம்மா ஒருத்தி டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். அவர் எழுந்திருக்கச் சொன்னதற்கு, அவருக்கு ஒரு முறுக்கைக் கொடுத்துக் கீழே உட்காரச் சொன்னாள்.

நான் ஒரு ஸ்டூல் மேல் ஏறி, தமிழிலும் இந்தியிலும் எனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தைத் தெலுங்கிலும் கத்தினேன். யார் கேட்டது? அண்ணன் கூட்டத்தை நீந்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏம்மா இப்படிப் பண்ணின? நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"நீங்க எதைச் சொன்னீங்க? கவுண்டர்ல கூட்டம் தாங்காதுன்னீங்க. ஏசி திருட்டைப் பத்திச் சொன்னீங்களா?"

"மெதுவாப் பேசு, சார் இருக்கார்!"

"இருக்கட்டும்! கேக்கட்டும்!"

சார் கேட்டார். தரையில் உட்கார்ந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

அந்த நேரத்தில்தான் கதவருகே ஒரு டிரங்குப் பெட்டியும், ஒரு தேங்காய் மூட்டையும், இரண்டுக்கும் நடுவில் என் வீட்டுக்காரரும் தெரிந்தார்கள். ஜெட்டியில் என்னைக் காணாமல் நேராக இங்கேயே வந்திருக்கிறார். இத்தனை மாதம் கழித்து அவர் பார்த்த முதல் காட்சி, ஸ்டூல் மேல் நின்றுகொண்டு அண்ணனைத் திருடன் என்று கத்துகிற மனைவி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போய், வகுப்பில் தட்டுவதுபோலச் சுவரில் இரண்டு தட்டு தட்டினார். "சலோ, சப் பைட்டோ!" என்றதும் முன்னாள் மாணவர்களைப்போல அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு இந்தப் படத்தின் முதல் பாதி தெரியாதே? கதை என்ன, கதை என்ன என்று கூச்சல். அவர் இந்தியில் கதை சொல்ல ஆரம்பித்தார். கப்பலிலிருந்து அப்போதுதான் இறங்கிய மனிதர், படத்தின் பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் வாத்தியார் அல்லவா, தெரியாத பாடத்தை நடத்திப் பழக்கம். படம் மறுபடி ஓட ஓட, பக்கத்தில் நின்று, இவன் கெட்டவன், இவள் பாவம், இப்போது அடி விழும் பாருங்கள் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்ன கதை படத்தைவிட நன்றாக இருந்ததாகப் பலரும் சொன்னார்கள்.

கோயம்புத்தூர் சார் போகும்போது அண்ணன் கையைக் குலுக்கினார். "தியேட்டர் வேண்டாங்க. ஆனா அந்தக் கதை சொன்னவரை விட்டுடாதீங்க" என்றார். ஹேவ்லாக் கனவு அதோடு முடிந்தது.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? என் லீவை ரத்து செய்தார். "உன்னாலதான் எல்லாம் போச்சு. மூணு ஹாலுக்கும் ஏசி கேட்டு ஜனங்க சண்டைக்கு வர்றாங்க. இந்த நேரத்துல நீ இல்லாம முடியாது." கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்றேன். நல்லபடியா முடிச்சுக் குடுத்தாத்தானே வாக்கு என்றார். அதோடு நிற்காமல், "மாப்பிள்ளை, நீங்களும் வீட்ல சும்மாதான இருக்கீங்க" என்று இழுத்தார்.

அவரும் போனார்! அன்றிலிருந்து தினமும், சுத்தமாகச் சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு, மூன்று ஹாலிலும் கதை சொல்லப் போனார். கூட்டம் கைதட்டியது. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் மேல் இருந்த கோபமெல்லாம் இவர் மேல் திரும்பியது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் டங்கென்று வைத்துக் கேட்டேவிட்டேன்.

"உங்களுக்கு வெக்கமா இல்லையா? நான் நாளை எண்ணிக்கிட்டுக் காத்திருந்தேன். நீங்க என்னடான்னா எங்க அண்ணனுக்குச் சம்பளமில்லாத ஆளாப் போயிட்டீங்க."

அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நீ அங்கதான இருக்க மல்லி. இங்க உக்காந்து நான் யாரைப் பாக்குறது?"

அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன், இந்த முறை டங்கென்று சத்தம் வராமல். மறுநாள் ஆட்டத்தின்போது மூன்று படத்தையும் ஓடவிட்டு, பிஸ்வாஸ் தாதாவைக் கவுண்டரில் உட்காரவைத்துவிட்டு, நாங்கள் இருவரும் ஃபெரியில் பாம்பூஃப்ளாட்டுக்குப் போய், டீ குடித்துவிட்டு, அதே ஃபெரியில் திரும்பி வந்தோம். அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சாவிக்கொத்தைக் கையில் திணித்துவிட்டு நடந்தேன். அதற்குப் பிறகு மூன்று ஆட்களை வேலைக்கு வைத்தார். மூன்று பேருக்கும் சம்பளம் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதும் இன்னும் கோபம்தான் வந்தது.

இப்போதும் எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணம், காதுகுத்து என்றாலும் அண்ணன் இந்தக் கதையை எடுத்துவிடுவார். அவர் சொல்கிற கதையில் ஏசி வராது, வாக்கு கொடுத்தது வராது. ஸ்டூல் மேல் நின்று கத்திய மல்லிகா மட்டும் வருவாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், என் வீட்டுக்காரரும் சேர்ந்து. தியேட்டரை விட்டு வந்த அடுத்த வருஷம் எங்களுக்கு மகன் பிறந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, குழந்தையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவாயில்ல மல்லி, தியேட்டருக்கு ஒரு ஆள் கூடுதலா வந்தாச்சு" என்று சொன்னவரும் இதே அண்ணன்தான். பிள்ளை பெற்ற உடம்போடு நான் எழுந்து உட்கார்ந்து, அவரை வெளியே போகச் சொல்லிக் கத்தியதில் அந்த வார்டில் இருந்த எல்லாக் குழந்தைகளும் அழுதன. என் மகன் மட்டும் அழவில்லை. அம்மா குரல் அவனுக்கு வயிற்றுக்குள்ளேயே பழகியிருந்தது.