ஐந்து பூங்கொத்துகளுக்குப் பாப்பாவே பொறுப்பு

மதிப்பும் பிரியமும் மிகுந்த அத்தைக்கு, உங்கள் மருமகள் எழுதிக்கொள்வது.

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டு ஐம்பது. நீங்கள் எப்படியும் இதைப் பகலில்தான் படிக்கப்போகிறீர்கள், நான் எழுதும் நேரத்தால் உங்கள் தூக்கம் கெடப்போவதில்லை என்பது மன்னிப்புக் கேட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. பரவாயில்லை, கேட்டது இருக்கட்டும். உங்களிடம் நான் கேட்கவேண்டிய மன்னிப்புகளில் இதுதான் ஆகச் சின்னது.

இங்கு நான், உங்கள் பிள்ளை, பாப்பா மூவரும் நலம். அப்பாவும் மகளும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள். நான் சமையலறை மேசையில், மடிக்காத துணிக்கும் கழுவின பால் புட்டிகளுக்கும் நடுவே ஒரு முழம் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அங்கு உங்கள் நலத்தை உங்கள் வாயால் அறிய ஆவல். போனிலேயே கேட்டிருக்கலாம்தான். ஆனால் தினமும் நீங்கள் உங்கள் பிள்ளையிடம் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் "இரும்மா, அவகிட்ட குடுக்கறேன்" என்றதும் உங்கள் அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது. பதினெட்டு நாளாக உங்கள் வீட்டுப் பால் நான் போனுக்கு வரும் நேரம் பார்த்தே பொங்குகிறது. குறையாகச் சொல்லவில்லை. பாலை விட்டுவிட்டு யாராலும் வரமுடியாது. அதனால்தான் கடிதம். இதைப் பால் பொங்கி அடங்கின பிறகும் படிக்கலாம்.

விஷயம் பூங்கொத்துகளைப் பற்றியது. போன திங்கள் முதல் இந்த ஞாயிறு வரை உங்கள் வீட்டுக்கு ஏழு பூங்கொத்துகள் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றில் முதலாவது நான் அனுப்பியது. இரண்டாவது கைப்பிசகாக வந்தது. மீதி ஐந்துக்கும் பாப்பாவே பொறுப்பு. இதை விளக்கத்தான் பேனாவை எடுத்தேன்.

முதலிலிருந்து சொல்லவேண்டும் என்றால் அந்தப் புதன்கிழமையிலிருந்து தொடங்கவேண்டும், தொடங்கவும் பயமாக இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து, உங்கள் ஊரில் பாதிப் பேரைத் தலைகீழாகப் பிடித்து முதல் அழுகை அழவைத்த உங்களிடம், ஆறே மாத அனுபவமுள்ள நான், கையில் குழந்தை வளர்ப்புப் புத்தகத்தோடு வந்து நின்று, "அத்தை, பாப்பாவைத் தூக்கறதுக்கு முன்னாடி கை கழுவினீங்களா?" என்று கேட்டேன். நீங்கள் திட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நீங்களோ பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போய், விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று முழங்கை வரைக்கும், ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறவர் மாதிரி ஐந்து நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவினீர்கள். துடைத்தீர்கள். அந்தச் சுத்தமான கையால் பெட்டியை எடுத்து அடுக்க ஆரம்பித்தீர்கள். அத்தை, நான் புள்ளியியல் படித்தவள். எதையாவது கட்டம் போட்டு எழுதினால்தான் எனக்குப் பயம் குறையும். பாப்பா பால் குடித்த நேரம், தூங்கின நேரம், தும்மின நேரம் எல்லாவற்றுக்கும் குளிர்பெட்டிக் கதவில் அட்டவணை ஒட்டியிருந்தேனே, நீங்கள் வந்திருந்த மூன்று வாரமும் ஒருநாள் தவறாமல் அதில் நேரம் குறித்து ஓரத்தில் கையெழுத்தும் போட்டீர்கள். அந்தக் கையெழுத்து கேலி என்று புரியவே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், நான் எந்த நிலைமையில் இருந்திருப்பேன்.

நீங்கள் போன பிறகு, நேரில் சொல்ல வாய் வராததைப் பூவாவது சொல்லட்டும் என்று நினைத்தேன். இங்கிருந்து அனுப்பினால் வாடிப்போய்ச் சேரும், அது இன்னொரு வம்பு. அதனால் உங்கள் ஊரிலேயே, தபாலாபீஸுக்கு எதிரே இருக்கும் பூக்கடை நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டேன். முகவரியைச் சொல்ல ஆரம்பித்தேன். கதவு எண் வரைக்கும்கூடப் போகவில்லை, "நர்ஸம்மா வீடா? நான் பொறந்ததே அவங்க கையிலதான். விஷயம் என்னன்னு சொல்லும்மா, அதுக்குத் தகுந்த மாதிரி கட்டணும்" என்றார் அந்தப் பூக்கடை அண்ணன். ரோஜாவா லில்லியா என்றுதான் கடைக்காரர்கள் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். இவர் தப்பு எவ்வளவு பெரியது என்று கேட்கிறார். சொன்னேன். "நர்ஸம்மாகிட்டயேவா?" என்றார். அப்புறம் அவரே, வெள்ளை லில்லி வேண்டாம், அது ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்தும், மஞ்சள் ரோஜாவில் நாலு சாமந்தி சேர்த்தால் கோபம் மட்டுப்படும் என்று முடிவு பண்ணினார். அட்டையில் எழுத நான் ஒன்றரைப் பக்கம் தயார் பண்ணி வைத்திருந்தேன், இரவெல்லாம் திருத்தின வாசகம். இரண்டாவது பத்தியிலேயே நிறுத்திவிட்டார். அட்டை உள்ளங்கை அகலம்தானாம். "தப்பு என்னுதுதான், மருமகள். இவ்வளவுதாம்மா இடம். இதுக்கு மேல எழுதினா நியாயம் பேசற மாதிரி ஆயிடும்" என்றார். நானும் யோசித்துப் பார்த்தேன், ஒன்றரைப் பக்கத்திலும் ஒன்றேகால் பக்கம் நியாயம்தான் இருந்தது.

இதுவரைக்கும் சரி. திங்கட்கிழமை பூ வந்ததா, வாங்கினீர்களா, வாசலிலேயே திருப்பி அனுப்பினீர்களா ஒன்றும் தெரியாமல் எனக்கு ராத்திரி தூக்கமில்லை. செவ்வாய் காலை ஒன்பதரைக்குக் கடைக்குக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டு, "ரெண்டும் குடுத்தாச்சும்மா" என்றார். என்ன ரெண்டு என்றேன். அப்போதுதான் அந்தக் கடையின் வழக்கம் தெரிந்தது. காலையிலிருந்து மதியம் வரை அவர் கையெல்லாம் ஈரமும் நூலும் முள்ளுமாக இருக்குமாம், போனைத் தொடமாட்டாராம். ஒருமுறை ஆர்டர் கொடுத்தவர் நம்பரிலிருந்து மிஸ்டு கால் வந்தால் போன தடவை அனுப்பினதையே மறுபடி அனுப்பச் சொல்கிறார்கள் என்று அர்த்தமாம். ஊரில் ஹோட்டல், கிளினிக், கல்யாண மண்டபம் எல்லாரும் இருபது வருஷமாக அப்படித்தானாம். நான் "வந்து சேர்ந்ததா" என்று பதறிக் கூப்பிட்டது "இன்னொன்று அனுப்பு" என்று ஆகிவிட்டது. ஆக, இரண்டாவது பூங்கொத்துக்கு நான் பொறுப்பா, ஊர் வழக்கம் பொறுப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாவதிலிருந்துதான் பாப்பா. போனை நான் பாயில் வைத்துவிட்டுப் புட்டி கழுவப் போகிறேன். உங்கள் பேத்திக்கு இப்போது கட்டைவிரல் நன்றாக வளைகிறது. கடைசியாகக் கூப்பிட்ட நம்பர் எதுவோ அதில் போய் விரல் விழுகிறது. புதன் ஒருதரம், வியாழன் ஒருதரம் என்று தினமும் காலை ஒன்பதரைக்கு. குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைச் செய்யும் பழக்கம் உண்டு என்று புத்தகத்திலும் போட்டிருக்கிறது, பக்கம் வேண்டுமானால் குறித்து அனுப்புகிறேன்.

அதன் பலனை நீங்கள் அனுபவித்தீர்கள், நான் பூக்கடை அண்ணன் வாயிலாகக் கேட்டேன். மூன்றாவது கொத்தை வாங்கும்போது அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காம்பை நேராக வெட்டினால் தண்ணீர் ஏறாது, சாய்த்து வெட்டவேண்டும் என்று உங்கள் பழைய கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக் காட்டினீர்களாம். அவர் அன்றிலிருந்து எல்லாருக்கும் சாய்த்துத்தான் வெட்டுகிறாராம். நாலாவதுக்கு வீட்டில் பாத்திரம் இல்லாமல் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்தீர்கள், அட்டையை எடுக்க மறந்துவிட்டீர்கள், அந்த அம்மா அட்டையோடு தையல் மெஷின் மேலேயே வைத்துவிட்டார்களாம். ரவிக்கை அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் என் தப்பைப் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாலு நாளாக வருகிறது என்றதும், ஒரு தப்புக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, "நாலு தப்பு பண்ணிருக்கா, நர்ஸம்மா மூச்சு விடல பாரு" என்று தெருவே உங்களைப் புகழ்ந்ததாம். அது காதுக்கு எட்டினதும் பூக்கடை அண்ணன் என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, என்னைக் கேட்காமலே, வெள்ளிக்கிழமை அட்டையில் "இதுவும் அதே ஒரு தப்புக்குத்தான்" என்று எழுதிவிட்டார். அதைப் படித்து நீங்கள் சிரித்தீர்களா என்று கேட்டேன். "சிரிச்ச மாதிரி இருந்துச்சு, உடனே கதவைச் சாத்திட்டாங்க" என்றார். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை அவர் வந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை. வலது முட்டி வீக்கத்துக்கு டாக்டரைப் பார்க்கப் போனதாகத் தையல்காரம்மா சொன்னார்களாம், ஒன்றரை மாதமாகவே வலியாம். ஒன்றரை மாதம் என்றால், அத்தை, நீங்கள் இங்கே வருவதற்கு முன்னாலேயே வந்த வலி. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி ராத்திரி கூடத்துக்கும் அறைக்கும் நடந்தீர்களே, நான் படுத்துக்கொண்டே அட்டவணையில் "தூக்கம் தாமதம், 22 நிமிஷம்" என்று எழுதினேனே. அந்தப் பக்கத்தை இன்றைக்குக் கிழித்துவிட்டேன்.

அந்தத் தையல்காரம்மா இன்னொன்றும் சொன்னார்களாம். மருமகளுக்கு லீவு முடியப்போகிறது, குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும், அதுக்குத்தான் இத்தனை பூ என்று. இதை நான் முற்றிலுமாக மறுக்கிறேன். லீவு இந்த மாதத்தோடு முடிவது உண்மை. ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துக் கட்டடத்திலேயே நல்ல அனுபவசாலியாக ஒருவரை ஏற்பாடு பண்ணியாகிவிட்டது, எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது, உங்களை எந்த விதத்திலும் சிரமப்படுத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லை. மேற்படி ஐந்து பூங்கொத்துகளால் உங்களுக்கு ஏற்பட்ட இடைஞ்சலுக்குப் பாப்பாவின் சார்பில் வருந்துகிறேன்.

இன்று ஏழாவதைக் கொடுக்கும்போது, "பல்லு முளைச்சிருச்சான்னு கேட்டுச் சொல்லு" என்று அண்ணனிடம் சொன்னீர்களாம். முளைத்துவிட்டது, அத்தை. கீழே, நடுவில், ஒன்று. வியாழக்கிழமை காலையில் கரண்டியில் டிங் என்று சத்தம் கேட்டது, நான் கரண்டி உடைந்துவிட்டது என்று நினைத்தேன். உங்கள் பிள்ளை போனில் சொல்லியிருப்பார் என்று இருந்தேன், அவர் நான் சொல்லியிருப்பேன் என்று இருந்திருக்கிறார்.

உங்கள் பிள்ளையின் அன்பும் பேத்தியின் எச்சில் முத்தமும் இத்துடன் வருகின்றன. உங்கள் வலது முட்டிக்கு என் தனிப்பட்ட மரியாதையைச் சொல்லுங்கள். நாங்கள் மூவரும் உங்கள் ஆசீர்வாதத்தை, கழுவின கையோ கழுவாத கையோ, தலையில் வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிறோம்.

பணிவுடன்,
மருமகள்

பின்குறிப்பு: உறையில் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்தேன். ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பார்த்த உங்களிடம் ஏழு மாதக் குழந்தை போன் செய்தது என்று எழுதியிருக்கிறேன். என் போன் என் கட்டைவிரல் பட்டால்தான் திறக்கும். ஐந்து மிஸ்டு காலும் நான் கொடுத்தவை. செவ்வாய்க்கிழமை அண்ணன் கூப்பிட்டு, நீங்கள் பூவை வாங்கினீர்கள், அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தீர்கள் என்றார். கொடுத்ததும் எனக்கு இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் உங்களைப் பற்றி ஏதாவது தெரியவேண்டும் என்றால் ஒரு பூங்கொத்து போகவேண்டியிருந்தது. அப்புறம் அந்தப் பக்கத்துக் கட்டடத்துப் பெண்மணி. வந்தார், உண்மை. நான் அட்டவணையைக் காட்டினேன். நின்றபடியே முழுக்கப் படித்தார், செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆள் கிடைக்கவில்லை. தையல்காரம்மா சொன்னது பாதி சரி, நீங்கள் வரவேண்டும் என்பது உண்மைதான், ஆனால் பூ அதற்காக இல்லை. முட்டி சரியான பிறகு வந்தால் போதும், வந்து சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், ராத்திரி நான் நடக்கிறேன், நீங்கள் நேரம் குறியுங்கள்.

அண்ணனிடம் நாளையிலிருந்து பூ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனி உங்கள் சேதி எனக்கு வர வேறு வழியில்லை. சீக்கிரம் பதில் போடுங்கள், அத்தை.