நான் கிருஷ்ணகிரிக்கு அனுப்பிவைத்த அணி

கூச்சப்படுகிறவன் கணக்குப் போடக் கூடாது. சந்தேகம் வந்தால் நாலு பேரிடம் கேட்க வேண்டியிருக்கும். நான் கேட்க மாட்டேன். (இந்த பஸ் எங்கே போகிறது என்று கேட்கக் கூசி, சூளகிரி போக ஏறி, குருபரப்பள்ளியில் இறங்கி நின்றவன் நான்.)

நாலுவழிச் சாலை போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கூட்டல் வேகமாக வரும் என்று, கம்பெனி கிரிக்கெட்டில் எங்கள் அணிக்கு ஸ்கோர் எழுதச் சொன்னார்கள். ஓரமாக உட்காரலாம், யாரோடும் பேச வேண்டாம். எனக்கென்றே செய்த பதவி.

ஆறு பிரிவுகளுக்கு ஆறு அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆட்டம். வென்றால் இரண்டு புள்ளி. முதலிடம் பிடிக்கும் ஒரே அணி, கிருஷ்ணகிரிக்குப் போய் மற்றக் கம்பெனிகளோடு மோதும். புள்ளி சமமானால், அந்த இருவருக்குள் முன்பு வென்றவருக்கே இடம்.

எங்கள் கேப்டன் குமார், என் மனைவியின் தம்பி. மூன்று வருடமாகக் கிருஷ்ணகிரி, கிருஷ்ணகிரி என்றே புலம்பியவன். எங்கள் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிறு. அதே ஞாயிறு அவனுக்கு ஊத்தங்கரையில் பெண் பார்க்க நாள் குறித்துவிட்டார் என் மாமியார். வரவே மாட்டேன் என்று நின்றான். வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

"நாம உள்ள போய்ட்டமா இல்லியா மாமா? அத மட்டும் சொல்லு. போய்ட்டம்னா நான் பொண்ணு பாக்க வர்றன்."

"நல்லா பாத்து சொல்லுங்க மாப்ள," என்றார் மாமியார்.

நோட்டைப் பிரித்தேன். எங்களுக்கு ஆறு புள்ளி. துரத்துவது பெயின்ட் ஷாப் மட்டும்தான், அவர்களுக்கு நாலு. நாங்கள் தோற்று அவர்கள் ஜெயித்தாலும் ஆறுக்கு ஆறு. அவர்களை நாங்கள் ஏற்கெனவே தோற்கடித்தவர்கள். ஆக, இடம் எங்களுக்கே.

"போய்ட்டம்," என்றேன். (வாழ்க்கையில் நான் தயங்காமல் சொன்ன ஒரே வார்த்தை.)

மாமியார் எனக்கு இரண்டாவது தடவையும் கறி வைத்தார்.

ஞாயிறு காலை குமார் கிளம்பினான். வேன் வைத்திருந்தவன் எங்கள் முதல் பவுலர் நாகராஜ். அவனையும் கூட்டிப்போகச் சொன்னது நான்தான். குறைந்த இரண்டு பேருக்குப் பதில் ஓர் ஆளைத் தேடிப் பிடித்தோம். இன்னோர் ஆள், வேறு வழியில்லாமல், நான்.

காலையில் பெயின்ட் ஷாப் அதன் ஆட்டத்தை ஜெயித்தது. பெருந்தன்மையாகக் கைதட்டினேன். மதியம் எங்கள் முறை. "ஆளுக்கொரு ஓவர் போடுங்கப்பா, நாமதான் போய்ட்டமே" என்று தாராளம் காட்டினேன். என் ஓவரில் பந்து மூன்று முறை காம்பவுண்டுச் சுவரைத் தாண்டியது. ஸ்டோர்ஸ் அணியிடம் தோற்ற கையோடு, வாங்கி வைத்திருந்த மைசூர்பாகை எல்லோருக்கும் நீட்டினேன். பெயின்ட் ஷாப் கேப்டன் வெங்கடேஷுக்கும்.

"என்னாண்ணா, தோத்துட்டு ஸ்வீட் குடுக்கறீங்க?"

"நாங்க கிருஷ்ணகிரி போறமில்ல!"

அவன் மென்றுகொண்டே சொன்னான். "எங்களுக்கு பொதங்கெழம இன்னொரு மேட்ச் இருக்குதேண்ணா. ஓவர்டைம்னு அன்னிக்கு நின்னுபோச்சே, அது. ஜெயிச்சா எட்டு."

மைசூர்பாகு டப்பாவை மூடினேன். அந்த ஓவர்டைம் எனக்கு நன்றாகத் தெரியும். பெயின்ட் ஷாப்பில் ஆள் போதாமல் இழுத்துக்கொண்டு போனதில் நானும் ஒருவன். மறுநாள் கேன்டீன் வாசல் புள்ளிப் பலகையில் அவர்களுக்குப் புள்ளி ஏறாததைப் பார்த்து, தோல்வி என்று நோட்டில் முட்டை போட்டிருக்கிறேன். அதே நேரத்தில் என் பக்கத்தில் நின்று பெயின்ட் அடித்தவர்கள், மைதானத்தில் ஆடித் தோற்றதாக எழுதிய ஸ்கோரர் உலகத்தில் நான் ஒருவன்தான்! யாருக்கு எத்தனை ஆட்டம் மிச்சம் என்ற பட்டியல் பெர்சனல் ஆபீசுக்குள் தொங்கியது. அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போகக் கூச்சம்.

மாலையில் குமார் முகமெல்லாம் சிரிப்பாக வந்து இறங்கினான். "புடிச்சிருக்கு மாமா! இங்க என்னாச்சு?"

சொன்னேன்.

"நாம ஜெயிச்சிருந்தா?"

"அவங்க பொதங்கெழம ஜெயிச்சாலும் எட்டுக்கு எட்டு. நாமதான் போயிருப்பம்."

வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். புதன்கிழமை பெயின்ட் ஷாப் ஜெயித்தது. தன் கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்வரை குமார் என்னோடு பேசவில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது "வேலை முடிஞ்சுது" என்றால், "நெஜமாவே முடிஞ்சுதா, மாமா சொல்லி முடிஞ்சுதா?" என்று கேட்கிறார்கள். குமாரின் மனைவி, அவனோடு சண்டை வரும்போதெல்லாம் என் பக்கம் திரும்புவாள்.

"அண்ணா, நீங்க மட்டும் அன்னிக்கு ஒழுங்கா எண்ணியிருந்தா நான் தப்பிச்சிருப்பன்."

"நானுந்தான்," என்பான் குமார்.

என் கணக்கில் ஒரு தப்பும் இல்லை என்று இன்றுவரை சாதிப்பவர் என் மாமியார் மட்டும்தான்.