விலை கேட்டே குணமானவர்கள்

இதயத்துக்குள் ஓடும் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக இழுக்க மனிதன் கற்றுக்கொண்டதைப் பெரிய சாதனை என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கோட்டுக்கு எவ்வளவு ஆகும் என்பது இன்னொரு மனிதனுக்குக் கடைசிவரை தெரியாமல் பார்த்துக்கொண்டதுதான் நாகரிகத்தின் உச்சம். அந்த உச்சத்தில், கண்ணாடிக் கதவுக்குச் சற்று உள்ளே, சுழல் நாற்காலியில் வீற்றிருந்தவர் பொறுங்க சார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. யார் வந்து எதைக் கேட்டாலும் "கொஞ்சம் பொறுங்க" என்று ஆரம்பிப்பதால் மருத்துவமனை முழுக்க இதுவே நிலைத்துவிட்டது. பதவி, முதுநிலை விலை விளக்க அலுவலர். வேலை, விலையை விளக்குவது. சொல்வது அல்ல. விளக்குவது வேறு, சொல்வது வேறு என்பது படித்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கு ஆழ்ந்த மருத்துவக் காரணம் இருந்தது. விலையைக் கேட்டால் இதயம் படபடக்கும். படபடத்தால் கோடு தாறுமாறாக வரும். கோடு தாறுமாறாக வந்தால் இல்லாத நோயெல்லாம் இருப்பதாகத் தெரியும். ஆகவே ஈசிஜி எடுத்து முடித்து, நோயாளி சட்டைப் பித்தானைப் போட்ட பிறகே விலையைச் சொல்வது என்று இயக்குநர் 'நோயாளியின் நலன் கருதி' முடிவு செய்திருந்தார். பொறுங்க சாருக்கே விலை தெரியாது. தெரிந்தவன் என்றைக்காவது இரக்கப்பட்டு உளறிவிடுவான் என்பது இயக்குநரின் தொலைநோக்கு.

"ஈசிஜி எடுக்க எவ்வளவுங்க ஆகும்?" என்று ஒருவர் வருவார்.

"கொஞ்சம் பொறுங்க. எந்த எவ்வளவைக் கேக்கறீங்க? வயர் மாட்டற எவ்வளவா, கோடு போடற எவ்வளவா, போட்ட கோட்டை டாக்டர் படிச்சுச் சொல்ற எவ்வளவா?"

"எல்லாம் சேர்த்துத்தாங்க."

"சேர்த்துன்னா அது தொகுப்பு. தொகுப்புல வரணும்னா முதல்ல பதிவு பண்ணணும்."

"பதிவுக்கு எவ்வளவு?"

"பதிவு பண்ணினதும் சொல்லிடுவாங்க."

பாதிப் பேர் இந்த இடத்தில் எழுந்து போய்விடுவார்கள். அற்ப புத்தி உள்ள நிர்வாகமாக இருந்தால் இதை நஷ்டம் என்று எழுதியிருக்கும். பொறுங்க சார்தான் உண்மையைக் கண்டார். நெஞ்சுவலி என்று வந்தவர், சோதனையே வேண்டாம் என்று சொந்தக் காலில் நடந்து போகிறார் என்றால் என்ன பொருள்? குணமாகிவிட்டார் என்றுதானே பொருள்!

இதைக் கேட்ட இயக்குநர் இருக்கையை விட்டு எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். அன்று முதல் ஆண்டறிக்கையில் 'விலை கேட்டே குணமானவர்கள்' என்று ஒரு தனிப் பகுதி. கதவோரம் ஒரு பித்தளை மணி. யாராவது விலை கேட்டுவிட்டு வெளியேறினால் மணி அடிக்கும். ஊழியர்கள் அவரவர் இடத்தில் எழுந்து நின்று கைதட்டுவார்கள். மாத்திரை கொடுக்கிற எந்தப் பிரிவிலும் இத்தனை பேர் குணமானதில்லை. பொறுங்க சாருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அது அவர் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ரிமோட்டைத் தாங்கிக்கொண்டு நின்றது.

இப்படிப்பட்ட மகானின் நெஞ்சிலேயே ஒரு நாள் ஏதோ தவறிப்போனது. மேட்டில் ஏறும் வண்டிக்குக் கியர் நழுவுவதுபோல ஒரு நழுவல், ஒரு நிற்றல், பிறகு தடதடவென்று ஓட்டம்.

"நாலு நாளா மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?" என்றாள் மனைவி. தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். எதையும் இரண்டு பக்கமும் பார்ப்பவள்.

"ஒண்ணுமில்ல. நெஞ்சுக்குள்ள தவளை குதிக்கற மாதிரி இருக்கு."

"நாலு நாளா குதிக்குது, பாவம் அதுக்கே களைச்சுப் போயிருக்கும். கிளம்புங்க. உங்க அப்பாவும் இப்படித்தான், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கிட்டே போய்ச் சேர்ந்தாரு."

அப்பாவை இழுத்ததும் பொறுங்க சார் சட்டையை எடுத்து மாட்டினார். அவருக்கு இப்போது அப்பா போன அதே வயது.

"எங்க ஆஸ்பத்திரிக்கே போவோம். ஊழியர் சலுகை உண்டு."

"எவ்வளவு சலுகை?"

"கொஞ்சம் பொறு."

அவர் விடுப்பில் இருந்ததால் சுழல் நாற்காலியில் உதவி அலுவலர் இருந்தாள். அவரே பொத்திப் பொத்தி வளர்த்த மாணவி. சாரைப் பார்த்ததும் எழுந்து வணங்கினாள். 'நோயாளி' என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டாள். அவர் கற்றுக்கொடுத்த புன்னகை உதட்டுக்கு வந்தது, கண்ணுக்குப் போகவில்லை. மிகச் சரி.

"ஈசிஜிக்கு எவ்வளவும்மா?" என்றாள் மனைவி.

"எந்த எவ்வளவு மேடம்?"

மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவருக்கோ அந்த வலியிலும் பெருமை தாங்கவில்லை. என்ன உச்சரிப்பு!

"சரி, ஊழியர் சலுகையாவது எவ்வளவுன்னு சொல்லு."

"அது கண்டிப்பா உண்டு மேடம். விலையில பாதி."

"விலை எவ்வளவு?"

"பாதியைப்போல ரெண்டு மடங்கு மேடம்."

உள்ளே மறுபடியும் கியர் நழுவியது. பொறுங்க சார் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "என்னம்மா, நான்தானே? எனக்கு மட்டும் காதோட சொல்லேன்" என்றார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு எங்க சார் தெரியும்? தெரிஞ்சாலும் சொல்லலாமா? கெஞ்சறவங்ககிட்டதான் ரொம்ப உஷாரா இருக்கணும்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க?"

"அது நான் பொதுவாச் சொன்னதும்மா."

"படபடப்பு வந்தா கோடு கெட்டுடும் சார். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

கேட்காமலே போய்ப் படுத்துவிடலாம். போன வருடம் காவலாளி அப்படித்தான் படுத்தார். இன்னும் அவர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எப்போது முடியும் என்று கேட்டு வந்த காவலாளிக்கு விளக்கம் கொடுத்தது பொறுங்க சார்தான்.

"எந்திரிங்க" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். "நான் ஒரு பக்கம் ஜெராக்ஸ் போடறதுக்கே கண்ணாடியில விலை ஒட்டி வச்சிருக்கேன்."

கண்ணாடிக் கதவு திறந்தது. மணி அடித்தது. மொத்த வரவேற்பறையும் எழுந்து நின்று கைதட்டியது. எல்லாரையும்விட ஓங்கித் தட்டியவள் அந்த மாணவிதான். குணமானவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ என்று, நெஞ்சைப் பிடித்தபடி, பொறுங்க சார் முதல்முறையாக யோசித்தார்.

சாலைக்கு எதிர்ப்புறம், சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடம். பலகையில் வெள்ளையடித்து எழுதியிருந்தது: 'ஈசிஜி 300. டாக்டர் பார்த்துச் சொல்வதும் சேர்த்து.' இத்தனை வருடம் எதிரிலேயே உட்கார்ந்தும் அவர் கண்ணில் இது பட்டதில்லை. மருத்துவமனைக் கண்ணாடியில் சரியாக அந்த இடத்தில்தான் பெரிய சிவப்பு இதயம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள்.

முன்னூறு என்று படித்தும் அவர் இதயம் கூடுதலாக ஒரு துள்ளுகூடத் துள்ளவில்லை. மருத்துவ அறிவியலுக்கு இது பெரிய அவமானம்.

"வாட்ச், செல்போனை அங்க வச்சுட்டு, சட்டையைக் கழட்டிட்டுப் படுங்கண்ணே" என்றாள் சோதனை எடுக்கும் பெண்.

"கரண்ட் வைப்பீங்களாம்மா?"

"நாங்க எதுக்கு வைக்கணும்? உங்க நெஞ்சுல ஓடற கரண்டைத்தான் மெஷின் காது கொடுத்துக் கேக்கும். நெஞ்சுல ஆறு, கை காலுக்கு நாலு. ஒட்டறப்ப சில்லுனு இருக்கும், அவ்வளவுதான். ஆடாம அசையாம பேசாம கொஞ்ச நேரம் இருங்க, முடிஞ்சுது."

பேசாமல் இருப்பது அவருக்குப் புதிது. ஆனாலும் படுத்தார். இயந்திரம் முனகிக்கொண்டே காகிதத்தைத் தள்ள ஆரம்பித்தது.

அப்போது சாலைக்கு எதிரே மணி அடித்தது.

பொறுங்க சாரின் இரண்டு கைகளும், வயரோடு சேர்ந்து, தாமாகவே எழுந்து தட்டின.

"அண்ணே! ஆடாதீங்கன்னு சொன்னேன்ல? பாருங்க, கோடு மலையேறிப் போச்சு!"

"மன்னிச்சுக்கம்மா. பழக்கதோஷம்."

மனைவி ஜன்னலோரம் நின்றிருந்தாள். "யாரோ ஒரு அம்மா வெளியே வர்றாங்க. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே படியில உக்காந்துட்டாங்க." பிறகு திரும்பாமலே சொன்னாள்: "குணமாயிட்டாங்க போலிருக்கு."

அவர் படுத்தபடியே ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார்.

"ஏங்க, இத்தனை பேருக்கு மணி அடிச்சு அனுப்பினீங்களே, அவங்கள்லாம் எங்க போனாங்க?"

எதையும் விளக்கத் தெரிந்த மனிதர். 'கொஞ்சம் பொறு' என்பது தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. அவர் விருட்டென்று எழுந்தார். இயந்திரத்திலிருந்து வந்த வயர்கள் பட் பட்டென்று பிய்த்துக்கொள்ள, சட்டையில்லாத நெஞ்சோடு ஜன்னலில் சாய்ந்து, உத்தியோக வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் எண்ணைச் சொன்னார். சொன்னார் என்ன, கத்தினார்:

"அம்மா! முன்னூறு! இங்க முன்னூறுதான்! டாக்டர் பாக்கறதும் சேர்த்து!"

படியிலிருந்த அம்மா மெல்ல நிமிர்ந்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா! அவ்வளவேதான்!"

அதற்குள் மனைவி மாடிப்படியில் பாதி இறங்கியிருந்தாள்.

அந்த அம்மாவின் காகிதத்தைப் பார்த்த டாக்டர் உட்காரவில்லை. நின்றபடியே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். அரசு மருத்துவமனையில் அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். பொறுங்க சாரின் இரண்டாவது காகிதத்தில் நடுநடுவே ஒரு துடிப்பு வரிசை தாண்டி முந்தியது. மாத்திரை எழுதிக்கொடுத்து, காபியைக் குறைக்கச் சொன்னார்கள். கைதட்டிய முதல் காகிதத்தை மனைவி ஜெராக்ஸ் எடுத்து, கேடயம் இருந்த இடத்தில் ஒட்டிவிட்டாள்.

மறுநாளே பணிநீக்க ஆணை வந்தது. எத்தனை பெருந்தன்மையான நிறுவனம் அது! விலையைக் கூவியதற்காக அவர்மேல் ஒரு வார்த்தை இல்லை. அது தங்கள் விலை அல்லவே என்று இயக்குநரே விட்டுவிட்டார். அவ்வாண்டு குணமானவர்கள் பட்டியலிலும் அவர் பெயரை அப்படியே இருக்க விட்டார்கள். ஆணையில் இருந்தது ஒரே ஒரு குற்றச்சாட்டுதான்:

'இந்நிறுவனத்தால் பூரணமாகக் குணப்படுத்தப்பட்டு, கைதட்டலுடன் வழியனுப்பி வைக்கப்பட்ட ஒரு பெண்மணியை, வாசற்படியிலேயே வழிமறித்து, மீண்டும் நோயாளி ஆக்கினார்.'