லாரியை முந்தாத மாப்பிள்ளை கார்

புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களில் இரண்டு வகை உண்டு. எதிரே வருவது பஸ்ஸா மலையா என்று பார்க்காமல் முந்துகிறவர்கள் ஒரு வகை. படுத்திருக்கும் மாட்டைக்கூட முந்தத் தயங்குகிறவர்கள் இன்னொரு வகை. நான் முதல் வகையாக டெஸ்டுக்குப் போய், இரண்டாம் வகையாகத் திரும்பி வந்தவன்.

அந்த டெஸ்டில், ஒரு வளைவில் ஆட்டோவை முந்தினேன். பக்கத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் கண்ணை மூடி ஏதோ சாமி பேரைச் சொன்னார். கண்ணைத் திறந்ததும் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, "வளைவுல முந்தக் கூடாது. மேட்டுல முந்தக் கூடாது. பாலத்துல முந்தக் கூடாது. முன்னால ரோடு தெரியாம முந்தவே கூடாது. சமஜ் கயா?" என்றார்.

சமஜ் கயா. தேவைக்கு மேலேயே புரிந்துவிட்டது. போர்ட் பிளேயரில் வளைவும் மேடும் இல்லாத ரோடு வேண்டுமென்றால் விமானம் இறங்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். (அதுவும் சரிவுதான் என்கிறார்கள்.) எதற்கு வம்பு, இனி யாரையுமே முந்துவதில்லை என்று முடிவு செய்தேன். மறு டெஸ்டில் பாஸ்.

அந்தச் சூட்டோடு என் மனைவி கலாவின் தம்பி செந்திலுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீடு கராச்சர்மாவில், மண்டபம் ஹாடோவில். மாப்பிள்ளையை என் காரில்தான் அழைத்து வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மற்றவர்கள் வேனில் முன்னால் போய்விட, பட்டு வேட்டியும் மாலையுமாகச் செந்தில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

டாலிகஞ்ச் வந்ததும் முன்னால் ஒரு சிமெண்ட் லாரி. தார்ப்பாய் மூடி, நகரும் கட்டிடம் போல இருந்தது. அது மெதுவாகப் போனது. நானும் மெதுவாகப் போனேன். அது இன்னும் மெதுவானது. நானும்.

"மச்சான், எதிர்ல ஒரு வண்டியும் இல்ல. ரோடு நேரா இருக்கு. லாரிக்காரனே கை காட்டுறான் பாருங்க."

"நமக்கு வணக்கம் சொல்றான் மாப்ள. மாலையைப் பாத்திருப்பான்."

லாரி வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டது.

"இப்ப முந்தச் சொல்றான் மச்சான்!"

"இல்லடா, வலது பக்கம் திரும்பப் போறான். இப்ப முந்தினா நேரா லாரிக்குள்ள போயிருவோம்."

லாரி திரும்பவில்லை. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் இண்டிகேட்டர் போட்டது. மறுபடியும் திரும்பவில்லை. இவனை நம்பக் கூடாது என்று இன்னும் உறுதியானேன்.

ஹாடோவில் வாழைமரம் கட்டிய வாசல் ஒன்று இடப்பக்கம் வந்து போனது. நான் லாரியின் பின்பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், நம்ம மண்டபம்!"

பின்னால் நாலைந்து வண்டிகள் ஹாரன் அடித்தன. முன்னால் போய்த் திருப்பிக்கொள்ளலாம் என்றேன். முன்னால் சாத்தம் பாலம் வந்தது. பாலத்தில் திருப்ப முடியுமா? பாலம் முடிந்ததும் ஜெட்டி என்கிற படகுத்துறை. அங்கே ஒருவர் விசில் ஊதி, "சலோ, சலோ, ஆகே!" என்று முன்னால் போகச் சொல்லிக் கையை வீசினார். யூனிஃபார்ம் போட்டவர் சொன்னால் தட்டுவேனா? லாரிக்குப் பின்னாலேயே இரும்புத் தளத்தில் ஏறி நிறுத்தினேன். எங்களுக்குப் பின்னால் ஏதோ கிறீச்சென்று மேலே எழுந்தது.

எதிர்க்கரை பம்பூஃப்ளாட்டுக்குப் போகும் ஃபெரி கிளம்பிவிட்டது.

செந்தில் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன். போன் அடித்தது. கலா.

"எங்க இருக்கீங்க? ஐயர் கேக்குறாரு."

"கப்பல்ல."

அடங்கிய குரலில் கேட்டாள்: "ஏங்க, தம்பிக்குப் பொண்ணப் பிடிக்கலையா?"

நான் விளக்குவதற்குள் சிக்னல் போய்விட்டது. 'மாப்பிள்ளை கப்பல்ல ஏறிட்டான்' என்ற செய்தி மண்டபத்தில் சாம்பாரை விட வேகமாகப் பரிமாறப்பட்டது. மெயின்லேண்ட் போகிற கப்பல் நிற்கும் துறை பக்கத்திலேயே இருக்கிறது. பெண்ணின் அப்பா கான்ட்ராக்டர். ஆட்களைத் திரட்டுவது அவருக்குக் கைவந்த கலை. வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு கூட்டத்தோடு துறைமுக வாசலுக்கு ஓடி, "ஜஹாஸ் ரோகோ! கப்பலை நிறுத்து!" என்று கத்தியிருக்கிறார். சென்னைக்குக் கிளம்பத் தயாராக இருந்த பயணிகள் எட்டிப் பார்த்துக் கையசைத்தார்களாம்.

இங்கே லாரி டிரைவர் இறங்கி வந்தார். வயதான பெங்காலிக்காரர். வண்டிப் பேப்பர்களை என்னிடம் நீட்டினார். "சார், பேப்பர் ஸப் டீக் ஹை" என்றார். எல்லாம் சரியாக இருக்கிறதாம். டாலிகஞ்சிலிருந்து பின்னாலேயே வந்ததால் என்னைச் செக்கிங் அதிகாரி என்று நினைத்துவிட்டாராம். முந்திப் போகட்டும் என்றுதான் மெதுவாகப் போனாராம். நானும் மெதுவாகப் போகவே உயிரே போய்விட்டதாம். அப்புறம்தான் மாலையோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார்.

"யே கோன்?"

"தூல்ஹா" என்றேன். மாப்பிள்ளை.

"தூல்ஹா இதர் க்யூன்?"

மாப்பிள்ளை ஏன் இங்கே என்று அவர் கேட்டதும், செந்தில் என் பக்கம் கை காட்டினான்.

பம்பூஃப்ளாட்டில் இறங்கினால், திரும்பிப் போக வண்டிகள் வரிசையாக நின்றன. லாரி டிரைவர் முன்னால் ஓடி, "தூல்ஹா ஹை! ராஸ்தா தோ!" என்று கூவினார். ஜனங்கள் சிரித்தபடி ஒதுங்கினார்கள். எல்லா வண்டிக்காரர்களும், போங்கள் போங்கள் என்று கை காட்டினார்கள்.

நான் வரிசையின் கடைசியில் போய் நிறுத்தினேன்.

"என்ன மச்சான் பண்றீங்க?"

"வரிசையில நிக்கிற வண்டிய முந்தக் கூடாதுடா."

செந்தில் கதவைத் திறந்தான். வேட்டியைத் தூக்கிப் பிடித்தான். நின்றிருந்த அத்தனை வண்டிகளையும் ஓட்டமாக முந்திக்கொண்டு ஃபெரியில் ஏறினான். ஜனங்கள் கைதட்டினார்கள். எனக்கு இடம் இல்லாமல் ஃபெரி கிளம்பிவிட்டது.

நான் மண்டபம் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, முதல் பந்தியும் எழுந்துவிட்டது. பெண்ணின் அப்பா இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மணப்பெண் மீனா மட்டும் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க வந்த ஃபெரி பத்திரமா வந்துச்சா?" என்று கேட்டாள். சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் எனக்கு வாசலில் பன்னீர் தெளிக்கும் வேலைதான். கார் சாவியைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. ஆனால் மார்க்கெட்டில் மீன் எது வாங்கலாம் என்று நான் கொஞ்சம் அதிகமாக யோசித்தால் போதும், கலா கடைக்காரர் எதிரிலேயே சொல்வாள்:

"ஏங்க, லாரி போயிருச்சு. வாங்க."