அவர் கிழித்த நீலக் கோடு

இனிமேல் எந்தக் காண்ட்ராக்டரிடமும் ஏமாறப் போவதில்லை என்று டேப்பு சார் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்க்கும்போது. வாயெல்லாம் நுரை. சபதம் சரியாக வெளியே வரவில்லை.

"என்னங்க, தண்ணி வரலையா?" என்றாள் மனைவி.

கொப்பளித்துவிட்டு இன்னொரு தடவை எடுத்தார். இரண்டாம் தடவை எடுக்கிற சபதத்தில் அவ்வளவு சூடு இருக்காது. ஆனாலும் எடுத்தார். எடுத்த காரியத்தை விடுகிற ஆள் இல்லை அவர்.

டேப்பு சார் என்பது தெரு வைத்த பெயர். ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. ஆணி, நட்டு, போல்ட் எல்லாம் அவர் கையெழுத்து இல்லாமல் அந்த அறையை விட்டு நகராது. சட்டைப் பையில் எப்போதும் ஓர் அளக்கும் டேப் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டு மேஜை எத்தனை அடி என்று அளந்துவிட்டுத்தான் உட்காருவார்.

சபதத்துக்குக் காரணம் சமையலறையின் பின்சுவர். அதன் இடது மூலையில் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. அந்த இடத்தில் பூச்சு உப்பி, விரலால் தொட்டால் பொலபொலவென்று கொட்டியது. போன வருஷம் மொட்டை மாடி ஒழுகியபோது ஒரே ஓர் ஆளிடம் கேட்டு, அவர் சொன்னதைக் கொடுத்து வேலையை முடித்தார் டேப்பு சார். ஒழுகல் நின்றது. மழை நின்றதால்தான் ஒழுகலும் நின்றது என்பது அடுத்த மழையில் தெரிந்தது. பின்சந்தில், சமையலறைச் சுவருக்கு நேர் எதிரே கடை வைத்திருக்கும் டைலர், அன்றிலிருந்து தூறல் விழும்போதெல்லாம், "சார், மாடியில வாளி வெச்சாச்சா?" என்று அக்கறையாகக் கேட்பார். அந்த அக்கறைதான் டேப்பு சாருக்குத் தாங்கவில்லை.

"இந்தத் தடவை மூணு பேர்கிட்ட கோட்டேஷன் வாங்கப் போறேன். கோட்டேஷன்ல கோட்டை விடுறவன் நான் இல்ல" என்றார்.

"நல்லதுங்க. அப்படியே அந்தச் சுவர்ல ஒரு ஜன்னலும்..."

"ஆரம்பிச்சுட்டியா?"

பதினோரு வருஷமாக அவள் கேட்பது அந்த ஒரு ஜன்னல்தான். நட்ட நடுப் பகலிலும் பல்பைப் போட்டால்தான் அந்தச் சமையலறையில் கல் எது, பருப்பு எது என்று தெரியும். பதினோரு வருஷமாக டேப்பு சார் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: சுவரில் ஓட்டை போட்டால் வீட்டுக்குப் பலம் போய்விடும். இதை எந்த இன்ஜினியரும் அவருக்குச் சொல்லவில்லை. தானே கண்டுபிடித்தது.

மூன்று பேர் வந்தார்கள். முதலில் ஒரு கொத்தனார். சுவரைத் தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், பதினெட்டாயிரம் என்றார். அடுத்து சஃபாரி சட்டை போட்ட ஒரு காண்ட்ராக்டர். அவர் தட்டவில்லை. தள்ளி நின்று, பாவம் என்பது போலச் சுவரைப் பார்த்தார். நாற்பத்தேழாயிரம். மூன்றாவது ஆள் வீட்டுக்குள்ளும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. சுவரில் ஒரு கருவியை வைத்தார். அது 'பீப்' என்றது. தொண்ணூறாயிரம்.

அன்று சாயங்காலம் டேப்பு சார் மூன்று தாளையும் மேஜையில் பரப்பிவைத்துக்கொண்டு கொதித்தார்.

"ஒரே சுவர். ஒரே மூலை. ஒருத்தன் பதினெட்டுங்கிறான், இன்னொருத்தன் தொண்ணூறுங்கிறான். என்னைப் பார்த்தா இவனுங்களுக்கு எப்படித் தெரியுது?"

"சுவர் ஒண்ணுதாங்க. வேலை ஒண்ணு இல்லையே."

"அதெப்படி?"

"தண்ணி கொடுக்கும்போது ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டேன். கொத்தனார் உதிர்ற இடத்தை மட்டும் சுரண்டிட்டு மேல பூசுவாராம். சஃபாரிக்காரர் ஆள் உயரத்துக்குப் பழைய பூச்சு மொத்தத்தையும் கொத்தி எடுத்துட்டுப் பூசுவாராம். ஹெல்மெட் தம்பி உள்ளே ஓடுற குழாயையே மாத்திட்டு, தண்ணி இறங்காத மருந்து அடிச்சு, அப்புறம் பூசுவாராம். பெயிண்ட்டும் அவர் கணக்குல சேர்ந்தது. இடிச்ச மண்ணை யார் அள்ளுறதுன்னு கேட்டேன். சஃபாரிக்காரர் வண்டி வெச்சு அள்ளிடுவார்."

"கொத்தனார் கணக்குல யார் அள்ளணும்?"

"நீங்க."

டேப்பு சார் பதினெட்டாயிரம் தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"இந்த வேலை இவ்வளவுதான்னு நாமளே ஒரு கோடு போட்டுக் காட்டிட்டா, மூணு பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்லுவாங்க இல்ல?" என்றாள் அவள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது. போய் வேலையைப் பாரு."

அவள் போய் வேலையைப் பார்த்தாள். பத்து நிமிஷம் கழித்து டேப்பு சார் வீடு அதிர மேஜையைத் தட்டினார்.

"எனக்கு ஒரு யோசனை வந்திருக்கு. கோடு போடப் போறேன்."

"அடேங்கப்பா" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. அந்த 'அடேங்கப்பா'வில் என்ன இருந்தது என்று அப்போது அவர் யோசிக்கவில்லை.

கோடு போடச் சாக்பீஸ் வேண்டும். டைலர் கடைக்குப் போனார். டைலர் வாயில் 'சாக்கு' என்றுதான் வரும்.

"எந்தக் கலர் சாக்கு வேணும் சார்? வெள்ளை, சிவப்பு, நீலம்?"

"வெள்ளைச் சுவர்ல தெரியணும். நீலம் குடுங்க. மூணு பயலுகளும் மூணு விலை சொல்றானுங்க."

"சட்டைக்கும் அப்படித்தான் சார். காலர் உள்ளே நல்ல கேன்வாஸ் வைக்கிறவனுக்கு ஒரு கூலி, அட்டையை வைக்கிறவனுக்கு ஒரு கூலி. வெளியில பார்த்தா ரெண்டும் காலர்தான். ஒரு துவைப்புக்கு அப்புறம் தெரியும் எது எதுன்னு. ஆமா, வேலை எவ்வளவுன்னு வீட்டுல தங்கச்சியைக் கேட்டீங்களா?"

"அவளைக் கேக்கிறதாவது" என்று டேப்பு சார் நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க வீட்டுல கோடு போடுறது நான் ஒருத்தன்தான். நான் கிழிச்ச கோட்டை அவ தாண்ட மாட்டா."

டைலர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "கொடுத்து வெச்சவர் சார் நீங்க" என்றார்.

அன்றைக்கே அளந்து கோடு போட்டார். இடது மூலையில், தரையிலிருந்து ஐந்தடி உயரம், ஏழடி அகலம். டேப்பை மூன்று தடவை வைத்துப் பார்த்தார். மனைவி பல்பை அருகில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு வார்த்தை பேசவில்லை. இவ்வளவு அடக்கமாக அவள் நின்று அவர் பார்த்து ரொம்ப நாளாயிற்று. மனசு நிறைந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் ஒரு தாளில் தன் கையால் நிபந்தனைகளை எழுதினார். "சமையலறையில் நீலக் கோடு போட்ட இடம் அனைத்திலும் வேலை செய்ய வேண்டும். குழாய், பூச்சு, பெயிண்ட், மண் அள்ளுவது எல்லாம் சேர்த்து. கோட்டுக்கு வெளியே ஓர் அங்குலம் கூடாது. விளக்கம், விவரம் எதுவும் தேவையில்லை. ஒரே ஒரு தொகை மட்டும் எழுதவும்." கீழே கையெழுத்து, தேதி. ஸ்டோரில் போடும் அதே கையெழுத்து.

"விவரம் வேண்டாமா?" என்றாள் மனைவி.

"விவரத்துலதான் ஏமாத்துறானுங்க. அன்னிக்கு ஒவ்வொருத்தனும் வாயைத் திறந்தான், நான் தலையை ஆட்டினேன். இந்தத் தடவை பேச்சே கிடையாது. நான் முன்னறையில உட்கார்ந்திருப்பேன். நீ கூட்டிட்டுப் போய்ச் சுவரைக் காட்டு. வேலைன்னா கோடு, கோடுன்னா வேலை. அவ்வளவுதான்."

"நான் எதுவும் பேச வேண்டாமா?"

"நீ வாயே திறக்கக் கூடாது."

"சரிங்க" என்றாள். விரல் நுனியில் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது.

"என்னது அது?"

"ரவிக்கைத் துணி வாங்கிட்டு வந்தேன். டைலர் அண்ணன் கோடு போட்டுக் கொடுத்தார்."

மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். டேப்பு சார் முன்னறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, பின்னாலேயே தாளை நீட்டினார். படித்தார்கள். உள்ளே போனார்கள். ஒவ்வொரு தடவையும் பாத்திர ஸ்டாண்டு நகரும் சத்தம் கேட்டது. வேலை செய்ய இடம் வேண்டாமா, நகர்த்துகிறாள் என்று நினைத்துக்கொண்டார். யாரும் பேசவில்லை. சஃபாரிக்காரர் மட்டும் வெளியே வந்து, "சார், அந்த வலது பக்கம்..." என்று இழுத்தார்.

டேப்பு சார் கையை உயர்த்தினார். "கோடு இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன பேச்சு?"

கொத்தனார் அறுபத்திரண்டு. சஃபாரிக்காரர் அறுபத்து மூன்று. ஹெல்மெட் அறுபத்து நாலரை.

டேப்பு சாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"பார்த்தியா? தொண்ணூறு கேட்டவன் அறுபத்து நாலரைக்கு இறங்கிட்டான். ஒரு வார்த்தை பேரம் பேசல."

"பதினெட்டு சொன்னவர் அறுபத்திரண்டுக்கு ஏறிட்டாரே."

"அதான் விஷயம். அவன் அன்னிக்குப் பொய் சொன்னான், இன்னிக்கு என் கோட்டைப் பார்த்ததும் உண்மையைக் கக்கிட்டான். மூணு பேருக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம்? ரெண்டரை. இதுக்குப் பேருதான் நிர்வாகம்."

"உங்களுக்கு இருக்கிற மூளை யாருக்கு வரும்" என்றாள் அவள், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு. வேலை கொத்தனாருக்குப் போயிற்று.

முதல் நாள் இடது மூலையில் கொத்தினார்கள். டேப்பு சார் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். ஓர் அங்குலம் தாண்டவில்லை. பழைய குழாய் வந்தது, புதுக் குழாய் போனது. இரண்டாம் நாள், இந்த வெற்றியை இனியும் யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும் என்ற நிலையில் டைலர் கடைக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணு கோட்டேஷனும் ஒண்ணுபோல வந்திருக்கு. இந்தத் தெருவுல எவன் வீட்டுலயாவது இப்படி நடந்திருக்கா? எல்லாம் கோட்டுல இருக்குது. வீட்டுலயும் அதேதான். எங்க வீட்டுல நான் கிழிச்ச கோட்டை..."

தொம் என்று ஒரு சத்தம். எதிர்ச் சுவரில் ஒரு செங்கல் ஆடியது. இன்னொரு தொம். செங்கல் சந்தில் வந்து விழுந்தது. பின்னாலேயே நாலைந்து செங்கல். புழுதி அடங்கியதும் ஓட்டையில் ஒரு முகம் தெரிந்தது. அவருடைய மனைவியின் முகம்.

காலை வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. பல்பு வெளிச்சத்தில் பதினோரு வருஷமாக அவர் பார்த்த முகம் மஞ்சளாக, களைத்துப் போய் இருக்கும். இது வேறு முகம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மூக்கில் சுண்ணாம்போடு சிரித்தது. ஒரு கணம் டேப்பு சாருக்கு ஏதோ போல ஆகிவிட்டது. இதற்காகவா இத்தனை வருஷம் முரண்டு பிடித்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் பக்கத்தில் டைலர் உட்கார்ந்திருந்தார். வெட்கப்படுவதற்கு அது இடமில்லை.

"யோவ் கொத்தனாரே, யாரைக் கேட்டுய்யா சுவரை உடைச்சே?"

மனைவியின் முகத்துக்குப் பக்கத்தில் கொத்தனாரின் தலை எட்டிப் பார்த்தது. "கோட்டைக் கேட்டுத்தான் சார். பாத்திர ஸ்டாண்டுக்குப் பின்னால நாலடிக்கு மூணடி, கட்டம் கட்டி, நடுவுல கம்பி எல்லாம் வரைஞ்சிருக்கே. கிரில்லுக்குச் சொல்லியாச்சு, நாளைக்கு வந்துடும். உங்க பேப்பர் பையிலதான் இருக்கு. படிக்கவா?"

"கோடா? அந்தக் கோட்டை யாரு..." என்று ஆரம்பித்த டேப்பு சார் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

டைலர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார். "அதானே சார், யாரு போட்டது? உங்க வீட்டுல கோடு போடுறது நீங்க ஒருத்தர்தானே. இல்ல, வேற யாராச்சும் போடுவாங்களா?"

சந்தில் ஒரு சைக்கிள் போயிற்று. மாடி வாளி, தூறல், இனி வரப்போகிற எல்லா மழைக்காலங்களும் டேப்பு சாரின் கண் முன்னால் வந்து போயின.

"நான்தான் போட்டேன்" என்றார்.

"அப்படியா? நான் என்னமோ நினைச்சுட்டேன்" என்றார் டைலர். "நீங்க வந்துட்டுப் போன மறுநாள் தங்கச்சி வந்து, 'அண்ணே, எனக்கு ஒரு சாக்கு வேணும்'னாங்க. எதுக்கும்மான்னு கேட்டேன். 'ரொம்ப நாளா ஒரு சாக்குத்தான் தேடிட்டிருக்கேன்'னாங்க. எனக்கு அப்பப் புரியல சார்."

"அது... நான்தான் வாங்கிட்டு வரச் சொன்னேன்" என்றார் டேப்பு சார். முடிவெடுத்தாயிற்று, இனிப் பின்வாங்க முடியாது. எழுந்து நின்று பையிலிருந்து டேப்பை எடுத்தார், எதை அளப்பது என்று தெரியாமல் மறுபடியும் பைக்குள் போட்டார். "பொம்பளைங்க இருட்டுல கஷ்டப்படக் கூடாது பாருங்க. சமையலறைன்னா ஒரு ஜன்னல் வேணும். அது என் கொள்கை."

ஓட்டையின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மனைவி டைலரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"ஆமாண்ணே, பதினோரு வருஷமா ஜன்னல் ஜன்னல்னு இவர்தான் உயிரை எடுத்தார். நான்தான் காதுல போட்டுக்கவே இல்ல."