மண்டோர் முனியாண்டியின் மேற்கோள்கள்

இயற்பியலில் எனக்குப் பெயர் இல்லை. அடக்கமாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், நிஜமாகவே இல்லை. இருந்த கொஞ்சநஞ்சப் பெயரும் என் அப்பாவுடையது. அவர் மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர்.

குற்றவாளி நான்தான். ஆய்வுக் கட்டுரை அனுப்பும் படிவங்களில் 'குடும்பப் பெயர்' கேட்பார்கள். நமக்கு ஏது அது? அடையாள அட்டையில் நான் முனியாண்டி மகள் குணசுந்தரி, அவ்வளவுதான். குடும்பத்துக்குப் பெரியவர் அப்பாதானே என்று அவர் பெயரையே போட்டேன். அதனால் என் பதினோரு கட்டுரைகளும் உலகத்தைப் பொறுத்தவரை 'முனியாண்டி' எழுதியவை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். யார் யார் நம் கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிச் சொல்லும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. ஒரு தீபாவளி லீவில் என் போன் கெட்டுப்போக, அப்பாவின் போனை வாங்கி அதில் பதிந்தேன். 'முனியாண்டி, இவை உங்கள் கட்டுரைகளா?' என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். (முனைவர் பட்டம் வாங்க மூளை இருந்தது. அது யாருடைய கணக்கு என்று பார்க்கத்தான் இல்லை.) அதன்பின் ஏறுகிற எண்ணை மட்டும் தினம் மூன்று வேளை பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வருட ஒப்பந்த வேலைக்குப் பிறகு நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கு நேர்முகம் வந்தது. அதை விட்டால் வேறு வழியில்லை. குழுத் தலைவி நான் கொடுத்த மேற்கோள் பக்கத்தின் இணைப்பைப் பெரிய திரையில் திறந்தார்.

திரை முழுக்க அப்பா. பாகான் நக்கோடா ஓமார் படகுத்துறையில், சட்டையில்லாமல், இரண்டு கையிலும் ஒரு பெரிய சியாக்காப் மீனைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார். முந்தின வாரம்தான் தன் கணக்கின் படத்தை மாற்றியிருக்கிறார், மகராசன். கீழே 'முனியாண்டி', அதற்குக் கீழே என் மேற்கோள்கள் அத்தனையும்.

"இவர் யார்?" என்றார் தலைவி.

"என் அப்பா."

"அவரும் இயற்பியலா?"

"செம்பனை."

யாரும் சிரிக்கவில்லை. பக்கம் என்னுடையதுதான், இப்போதே திறந்து காட்டுகிறேன், அப்பாவின் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும், அது போதும் என்று கெஞ்சினேன். போனெல்லாம் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அதனால் மேசைத் தொலைபேசியிலிருந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, அழைத்தேன்.

"அப்பா, நான் குணா. உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். படிச்சுச் சொல்லுங்க, அவசரம்."

"ஓ, அவசரமா?" என்றார் அப்பா. அந்த 'ஓ'விலேயே என் கதை முடிந்தது தெரிந்தது. மோசடி அழைப்புகளுக்குப் பயந்து அவருக்குப் பாடம் எடுத்தவளே நான்தான். 'நானே கேட்டாலும் குடுக்காதீங்கப்பா, இப்பல்லாம் குரலையே திருடுறாங்க' என்று சொல்லி வைத்திருந்தேன்.

"அப்பா, நெசமாவே நான்தான்!"

"இப்படித்தான் பேசுவீங்கன்னு என் மக அப்பவே சொல்லிட்டா லா. சரி, நீ என் மகன்னா, என்னா ஆராய்ச்சி பண்றேன்னு சொல்லு."

குழுவில் தமிழ் தெரிந்த பேராசிரியர் ஒருவர் வேறு இருந்தார். வரிக்கு வரி மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, தெளிவாகச் சொன்னேன். "முடியைவிட மெலிசா ஒரு தகடு செய்வோம்பா. அதுல கரண்டு எங்க ஒழுகுதுன்னு பார்ப்போம். லயத்து வீட்டுக் கூரையில மழ எங்க ஒழுகுதுன்னு சட்டிய வச்சுத் தேடுவோமில்ல, அதே மாதிரி."

"நல்லாப் புரியுது," என்றார் அப்பா.

"அப்பாடா! நம்பரச் சொல்லுங்க."

"என் மக சொன்னா எனக்கு ஒரு வார்த்த புரியாது. இத்தன வருசத்துல ஒரு நாளும் புரிஞ்சதில்ல. நீ சொல்றது புரியுது. கள்ளி! வை போன!"

மறுபடி அழைத்தேன். எண்ணைத் தடை செய்துவிட்டார். பேராசிரியர் கடைசி வரியை மொழிபெயர்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "முனியாண்டியின் மேற்கோள்களை உங்களுக்குக் கொடுக்க முடியாதே, அம்மா," என்றார் தலைவி, பாவம், மெதுவாகத்தான்.

வேலை கிடைக்கவில்லை. பேருந்தில் தஞ்சோங் காராங் வரை அழுதேன் என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். நான் கோல சிலாங்கூரில் இறங்க வேண்டியவள். அழுகையில் ஊரைத் தாண்டிப் போய்விட்டேன். வேலை போனதற்குக்கூட அவ்வளவு இல்லை. 'ஒரு நாளும் புரிஞ்சதில்ல' என்று அவர் சொன்னதற்குத்தான்.

இப்போது டியூஷன் நிலையத்தில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்கிறேன். அந்த இணையப் பக்கத்தில் பெயரை மாற்றியாயிற்று. இருந்தும், நடந்த கதை ஊரில் பரவிவிட்டதால், தேத்தண்ணிக் கடையில் அப்பாவுக்கு இன்றும் 'டாக்டர்' என்றுதான் மரியாதை. நான் எந்த எண்ணிலிருந்து அழைத்தாலும் அவர் ஹலோ சொல்வதில்லை.

"எங்க, புரியாத மாதிரி ஏதாச்சும் சொல்லு."

"மின்கடத்தாப் பொருளின் இடைமுகத்தில் எலக்ட்ரான்களின் ஊடுருவல் நிகழ்தகவு..."

"ஆங், என் மகதான். சாப்பிட்டியாம்மா?"